முன்சக்கரம் இருப்பில் உள்ளது

அந்தத் தொழிற்சாலையில் சக்கர நாற்காலி செய்தார்கள். நாளைக்கு நாற்பது. தினமும் காலையில் அந்த நாற்பதுக்கும் 'ஆரம்பிக்கலாம்' என்று கையெழுத்துப் போடுகிறவளுக்குத் தொழிற்சாலை முழுக்க 'பாத்தாச்சு அக்கா' என்று பெயர். திட்டப் பிரிவில் பத்தொன்பது வருடமாக அவள் ஒருத்திதான்.

பெயர் வந்த கதை சுருக்கமானது. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், ஸ்டோர் பேரேட்டில் இருநூறு கைப்பிடி இருக்கிறது என்று எழுதியிருந்ததை நம்பி நூறு நாற்காலிக்குக் கையெழுத்துப் போட்டாள். கைப்பிடி இருந்தது. இருநூறும் இடது கை. அன்றைக்கு வாங்கிய வசவு இன்னும் அவள் காதில் இருக்கிறது. மறுநாளிலிருந்து ஸ்டோருக்கு நடந்து போய், ஒவ்வொரு டப்பாவையும் மூடி திறந்து பார்த்துவிட்டு வந்துதான் கையெழுத்துப் போடுவாள். போட்ட பிறகு தாளின் மூலையில் 'கண்ணால் பார்த்தேன்' என்று எழுதித் தேதி போடுவாள். யார் போய், "அக்கா, இது இருக்கா?" என்று கேட்டாலும் பதில் ஒன்றுதான்: "பாத்தாச்சு."

அவள் உட்கார்ந்திருந்ததும் ஒரு சக்கர நாற்காலியில்தான். காலில் ஒரு கோளாறும் இல்லை. நான்கு வருடத்துக்கு முன் அவளுடைய நாற்காலியின் ஒரு கால் உடைந்தது. புதிது வாங்கித் தரச் சொல்லி இண்டெண்ட் போட்டாள். அந்தத் தொழிற்சாலையில் எந்தச் சாமான் வேண்டுமானாலும் முதலில் இண்டெண்ட் என்ற வேண்டுகோள் காகிதம் எழுத வேண்டும், மேலே இருக்கிறவர் கையெழுத்திட வேண்டும், அப்புறம்தான் வாங்குவார்கள். அதுவரைக்கும் இதில் உட்கார் தங்கச்சி என்று ஸ்டோர் அண்ணன் பழைய மாடல் கண்காட்சி வண்டி ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்து கொடுத்தார். அதுவரைக்கும் என்பது நான்கு வருடமாக நீண்டுவிட்டது. இப்போது அவள் மேஜையிலிருந்து பிரிண்டருக்கு எழுந்திருக்காமலே உருண்டு போவாள்.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த இடத்துக்குத்தான் மேனேஜர் ஈஆர்பி மென்பொருளைக் கொண்டு வந்தார். மூன்று நாள் ஒரு பெரிய ஓட்டலில் தங்கி ஏதோ கருத்தரங்கு கேட்டுவிட்டு வந்தவருக்கு நிலைகொள்ளவில்லை. எல்லாரையும் கூட்டி வைத்துப் பேசினார்.

"இனிமே யாரும் ஸ்டோருக்கு நடக்க வேண்டியதில்ல. டப்பாவத் திறந்து எட்டிப் பாக்கறதெல்லாம் அந்தக் காலம். கம்ப்யூட்டரே பாக்கும்."

கம்ப்யூட்டருக்குப் பார்க்கக் கற்றுக் கொடுக்க ஓர் ஆலோசகன் வந்தான். முப்பது வயது, காதில் எந்நேரமும் போன், பேச்சு மட்டும் பளபளவென்று இருக்கும். பாத்தாச்சு அக்காவின் மேஜைக்குப் பக்கத்திலேயே அவனுக்கும் ஒரு மேஜை போட்டார்கள். அவனுக்கு நாற்காலி அன்றைக்கே வந்தது, தலை சாய்த்துக்கொள்கிற ரகம். அதை அவள் இரண்டு நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மேடம், ரொம்ப சிம்பிள்," என்றான் அவன். "ஒவ்வொரு நாற்காலிக்கும் என்னென்ன சாமான் வேணும்னு சிஸ்டத்துக்குத் தெரியும். ஸ்டோர்ல எவ்வளவு இருக்குன்னும் தெரியும். நீங்க ஆர்டரைத் தொட்டா அது ரெண்டையும் ஒத்துப் பாக்கும். எல்லாம் இருந்தா பச்சை. ஒண்ணு குறைஞ்சாலும் சிவப்பு. சிவப்பா இருந்தா ஆர்டர் வெளியவே போகாது. நீங்களே நெனச்சாலும் விடாது."

சொல்லப்போனால் அவளுக்கு அது பிடித்திருந்தது. நிஜமாகவே பிடித்திருந்தது. பத்தொன்பது வருடமாக எத்தனை பேர் அவள் தலைக்கு மேல் நின்று, 'சும்மா போடுங்கக்கா, சாமான் வந்துரும்' என்று நச்சரித்திருக்கிறார்கள்! இனிமேல் அதற்கு ஒரு இயந்திரம் பதில் சொல்லும். நல்லதுதானே.

வெள்ளிக்கிழமை காலையில் ஒத்திகை பார்த்தார்கள். நாற்பத்தாறு ஆணைகளை உள்ளே ஏற்றினார்கள். நாற்பத்தொன்று சிவப்பு.

அவள் பட்டியலை அச்செடுத்துக்கொண்டு ஸ்டோருக்குப் போனாள். ஸ்டோர் அண்ணனும் அவளும் ஒவ்வொரு சிவப்பாகத் தேடிப் பார்த்தார்கள். திருகாணி குறைவு என்றது, குறைவுதான். மெத்தைத் துணி இல்லை என்றது, இல்லைதான். முன்சக்கரம் ஒரு வாரத்தோடு தீரும் என்றது. எண்ணிப் பார்த்தார்கள், தீரத்தான் போகிறது. ஒரு சிவப்புகூடப் பொய் இல்லை.

"அண்ணே, இது நம்மளவிட நல்லா பாக்குதுண்ணே," என்றாள் வாய்விட்டு.

முன்சக்கரம் என்பது நாற்காலியின் முன்னால் இரண்டு பக்கமும் இருக்கிற குட்டிச் சக்கரம். அது இல்லாவிட்டால் வண்டி மூக்குக் குப்புற விழும். அதனால் அன்று சாயங்காலமே கொள்முதல்காரரிடம் சொல்லி ஆயிரத்து இருநூறு முன்சக்கரத்துக்கு இண்டெண்ட் போட வைத்தாள். காரியம் ஒழுங்காக நடக்கிறது என்று நிம்மதியாக உருண்டு தன் மேஜைக்குத் திரும்பினாள்.

அங்கே மேனேஜர் நின்றுகொண்டிருந்தார். முகம் விளக்கெண்ணெய் குடித்தது போல் இருந்தது.

"என்னய்யா இது, திரை பூரா செக்கச்செவேல்னு? திங்கக்கிழமை முதலாளி பாக்க வர்றார். இவ்வளவு செலவு பண்ணி இதையா காட்டறது?"

"சார், சாமான் நிஜமாவே இல்ல," என்றாள் அவள். "நாங்க போய்ப் பாத்துட்டோம். சிஸ்டம் சரியாத்தான் சொல்லுது."

"உங்களை யாரு ஸ்டோருக்குப் போகச் சொன்னா?" என்றவர், ஆலோசகன் பக்கம் திரும்பினார். "பச்சையாக்கு."

சாமான் வாங்கு என்று சொல்லவில்லை பாருங்கள். பச்சையாக்கு என்றார்.

ஆலோசகன் ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை. "சரிபார்க்கற எல்லையை விரிவாக்கலாம் சார். மேடம், கொஞ்சம் அந்த செட்டிங்க்ஸ் பக்கத்தைத் திறங்க." அவன் ஒரு கையில் போன், மறு கையில் டீ. அதனால் அந்தத் திருப்பணியைச் செய்தது அவள் விரல்தான்.

திரையில் வரிசையாகக் கட்டங்கள். எதையெல்லாம் 'இருக்கிறது' என்று கணக்கில் எடுத்துக்கொள்ளலாம் என்று ஒவ்வொரு கட்டமும் கேட்டது.

"வழியில லாரியில வர்ற சாமான். டிக் போடுங்க."

போட்டாள். சிவப்பு முப்பத்து மூன்று.

"வந்து இறங்கி, தரம் பாக்கறதுக்கு வெச்சிருக்கிற சாமான்."

"தம்பி, அதுல பாதியத் திருப்பி அனுப்புவாங்க."

"பாதி தேறும் இல்ல? போடுங்க."

இருபத்தாறு.

"கடைக்காரருக்கு ஆர்டர் குடுத்தாச்சு, இன்னும் அனுப்பல. அதுவும்."

பதினேழு. மேனேஜர் முகத்தில் கொஞ்சம் களை வந்தது. ஆனால் பதினேழு பதினேழுதானே. ஆலோசகன் டீயை ஒரு மடக்குக் குடித்தான். கடைசிக் கட்டத்தைக் காட்டினான்.

"இண்டெண்ட். அப்ரூவ் ஆகாததையும் சேத்து."

அவள் கை நின்றுவிட்டது. "அது வெறும் கேட்டு எழுதின காகிதம் தம்பி. யாரும் சரின்னுகூடச் சொல்லல. அதைப் போய் இருக்குன்னா எப்படி?"

"அதான் கேட்டாச்சே மேடம். கேட்டா வராமலா போகும்?"

"போடும்மா," என்றார் மேனேஜர்.

போட்டாள். திரை முழுக்கப் பச்சை. அடேயப்பா, என்ன குளிர்ச்சி! மேனேஜர் ஆலோசகனின் தோளில் தட்டினார். அன்றிலிருந்து அவனுக்குப் பணிமனையில் 'பச்சைத் தம்பி' என்று பெயர் விழுந்தது.

அவள் சும்மா இருக்கவில்லை. எதற்கு எதைச் சரிபார்க்க வேண்டும் என்று யோசிக்கச் சோம்பல்பட்டு, துடைப்பம், டீ கோப்பை உள்பட நாலாயிரம் சாமானுக்கும் பச்சைத் தம்பி ஒரே விதியைப் போட்டிருந்தான். அவள் 'அலுவலக நாற்காலி' என்று தட்டித் தேடினாள். திட்டப் பிரிவு: ஒன்று. இருப்பில் உள்ளது. பச்சை.

"சார், இது நாலு வருஷத்துக்கு முன்னாடி நான் போட்ட இண்டெண்ட். இதோ, நாற்காலி இருக்குங்குது. கொஞ்சம் உக்காந்து காட்டுங்க சார்."

பச்சைத் தம்பி சிரித்துவிட்டான். மேனேஜர் சிரிக்கவில்லை.

"உங்களுக்கு எதுலயும் நொட்டைதான். நல்லது கண்ணுல படாதா?" என்றவர் குரலைத் தணித்துக்கொண்டார். தணிந்த குரல்தான் அவரிடம் ஆபத்து. "ஒரு மாசம். ஒரு மாசம் இப்படியே பச்சையா ஓடட்டும். அப்புறம் திட்டப் பிரிவுக்கு ஆளே தேவையில்ல. நீங்க வீட்ல இருந்து குடும்பத்தப் பாத்துக்கலாம். முதலாளிக்கு எழுதி அனுப்பிட்டேன். இந்த ஒரு மாசமும் ஆர்டர்ல வழக்கம் போல உங்க கையெழுத்து இருக்கட்டும்."

அவள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். பச்சை ஓடினால் வேலை போகும். ஓடாமல் நின்றால் கையெழுத்துப் போட்டவள் அவள். பழியோடு சேர்த்து வேலை போகும். இரண்டு பக்கமும் கதவைச் சாத்திவிட்டு, நடுவில் பேனாவைக் கொடுத்து நிற்க வைத்திருக்கிறார் மனிதர்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனால் சமையலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. நான்கு மாதமாகச் சொட்டுகிறது. கணவர் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். சாவியை ஆணியில் மாட்டிவிட்டு அப்போதுதான் உட்கார்ந்திருந்தார். அவள் நடந்ததை எல்லாம் கொட்டினாள்.

"அவரு பச்சைன்னா பச்சைன்னு சொல்லிட்டுப் போயேன். உனக்கென்ன?" என்றார் அவர்.

"குழாய்க்கு வாஷர் வாங்கியாச்சா?"

"அது வாங்கின மாதிரிதான். கடைக்காரன்கிட்ட சொல்லி வெச்சிருக்கேன்."

"நீங்களும் அந்தக் கம்ப்யூட்டரும் ஒரே அச்சு," என்று கத்தினாள். கத்தியதில் அழுகை வந்துவிட்டது. நாற்பத்தெட்டு வயதில் எங்கே போய் வேலை கேட்பது? மகளுக்கு நர்ஸ் படிப்பில் இன்னும் ஒன்றரை வருடம் பாக்கி. பயமாக இருந்தது, அதைவிட அவமானமாக இருந்தது. பொய் என்று தெரிந்தே அந்தக் கட்டத்தில் டிக் போட்டது அவளுடைய விரல்.

கணவர் எழுந்து போய்க் குழாயை இறுக்கித் திருகிப் பார்த்தார். பிறகு, "பஸ்ல பிரேக் சரியில்லன்னா நான் லாக் புக்ல எழுதிருவேன்," என்றார். "எடுக்கச் சொன்னா எடுப்பேன், மெதுவா ஓட்டுவேன். ஆனா எழுதாம எடுக்க மாட்டேன்." சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு வாஷர் வாங்கக் கிளம்பினார்.

திங்கட்கிழமை முதலாளி வந்தார். எழுபது வயது, கைத்தடி, கறுப்புத் தோல் பை. இண்டெண்ட், கடிதம் எல்லாம் அந்தப் பைக்குள்தான் போகும். வெள்ளிக்கிழமை மத்தியானம் மட்டும், தன் அறையில், தன் மேஜையில் உட்கார்ந்து கையெழுத்துப் போடுவார். வேறு எங்கேயும் எந்த நாளும் போட மாட்டார். பைகூட அவர் அறையிலேயே தங்கிவிடும்; வீட்டுக்குக் கோப்பு வரக் கூடாது என்பது அவரே போட்ட சட்டம். திரையைப் பார்த்தார். "பச்சப்பசேல்னு இருக்கே!" என்று இரண்டு தட்டு கை தட்டிவிட்டுப் போனார்.

அன்றைக்கே ஸ்டோர் வாசலில் 'ஸ்டோர் பணியாளர் தவிர யாரும் உள்ளே வரக்கூடாது' என்று பலகை ஏறியது. யாருக்காக என்பது எல்லாருக்கும் தெரியும். ஸ்டோர் அண்ணன் பலகையை மாட்டிவிட்டு அவள் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனார்.

நாற்பது நாற்காலிக்கும் நாற்பது அட்டை அச்சாகி வந்தது. ஒவ்வோர் அட்டையும் அந்தந்த நாற்காலியில் கட்டித் தொங்கும், கடைசி வரை கூடவே போகும். அவள் கையெழுத்துப் போட்டாள். பிறகு வழக்கமான மூலையில், வழக்கமான கையெழுத்தில், வழக்கமில்லாத ஒரு வாக்கியம் எழுதினாள்: 'கண்ணால் பார்க்கவில்லை.' தேதி போட்டாள். நாற்பது அட்டையிலும். மறுநாள் மறுபடி நாற்பது. ஒருவரும் படிக்கவில்லை. பத்தொன்பது வருடமாக அந்த மூலையில் ஏதோ எழுதியிருக்கும், அவ்வளவுதான் அவர்களுக்குத் தெரியும்.

சரியாக ஒரு வாரம். அடுத்த திங்கட்கிழமை காலையில் சூப்பர்வைசர் மூச்சிரைக்க வந்து நின்றார்.

"பாத்தாச்சு அக்கா, முன்சக்கரம் எங்க?"

"திரையில இருக்கு."

"திரையக் கழட்டி மாட்டவா?"

அவள் கொள்முதல்காரரிடம் உருண்டாள். அவர் பல் குத்திக்கொண்டிருந்தார்.

"முன்சக்கரமா? இண்டெண்ட் அன்னிக்கே போட்டாச்சே. மேல போயிருக்கு."

"மேலேன்னா எங்க?"

"மேலேம்மா," என்று கூரையைக் காட்டினார். "அவசரம்னா குறைசாமான் பட்டியல்ல வந்திருக்கும். பாரு, பட்டியலே காலி. எல்லாம் பச்சை. பச்சையா இருக்கறத நான் எதுக்குத் தொரத்தணும்?"

நியாயம்தானே? இருக்கிறது என்று சொல்லிவிட்ட சாமானை யார் போய் வாங்குவான்? இண்டெண்ட் போட்டதால் பச்சை. பச்சையாக இருப்பதால் இண்டெண்டை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் மேனேஜரிடம் போய்ச் சொன்னாள். "சிஸ்டம் இருக்குங்குது. நீங்க சிஸ்டத்தவிட பெரிய ஆளா?" என்றார். போதாக்குறைக்கு, பணிமனை நிற்கக் கூடாது, மற்ற வேலையெல்லாம் முடித்து வைக்கட்டும், சக்கரம் கடைசியில்தானே என்று உத்தரவும் போட்டார்.

முடித்து வைத்தார்கள். முன்சக்கரம் மட்டும் இல்லாத நாற்காலிகள் நாளைக்கு நாற்பது. முதலில் சுவரோரம் நின்றன. பிறகு நடைபாதையில். பிறகு சாப்பாட்டு அறை வாசலில். முன்னால் செங்கல் முட்டுக் கொடுத்து நிறுத்தியிருந்தார்கள். தண்ணீர் குடிக்கப் போகிறவன் பக்கவாட்டில் நடந்து போனான்.

இதற்கிடையில் முதலாளி குளியலறையில் வழுக்கி விழுந்திருந்தார். அது முதல் வாரத்து வியாழக்கிழமை. கையெழுத்து நாளுக்கு முந்தின நாள். காலில் கட்டுப் போட்டு, அடுத்த செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆறு வாரம் கால் ஊன்றக் கூடாது. சக்கர நாற்காலி வேண்டும்.

இந்த ஒன்றுக்குத்தானா பஞ்சம்? சக்கர நாற்காலிக் கம்பெனி முதலாளி அல்லவா! "வேற கம்பெனி வண்டியில நான் உக்காந்தா சந்தி சிரிக்கும். நம்மளோட புது மாடல் கொண்டு வா," என்று போனில் உறுமினார். மேனேஜர் உடனே ஒரே ஒரு நாற்காலிக்குத் தனி ஆணை போட்டார். பச்சை. "நாளைக்குக் காலைல உங்க வாசல்ல நிக்கும் ஐயா."

நிற்குமா? விற்பனைக்கு முடிந்து இருந்ததை எல்லாம் முந்தின வாரமே லாரி ஏற்றிவிட்டார்கள். புதன்கிழமை, பெயின்ட் காயவில்லை என்றார் மேனேஜர். வியாழன், மெத்தை இன்னும் மெத்தென்று ஆக வேண்டும் என்றார். ஞாயிறு விடுமுறை என்றார். அப்புறம் மறுபடியும் பெயின்ட். கால் உடைந்த மனிதரைப் பத்து நாள் படுக்கையிலேயே வைத்துப் பூசி மெழுகினார். பத்தாவது நாள், வியாழக்கிழமை, முதலாளி போனில் என்ன சொன்னாரோ தெரியாது. மேனேஜர் வியர்த்துப்போய்த் திட்டப் பிரிவுக்கு ஓடி வந்தார். தொழிற்சாலை முழுவதிலும் நான்கு சக்கரமும் உள்ள நாற்காலி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதில் பாத்தாச்சு அக்கா உட்கார்ந்திருந்தாள்.

"எழுந்திரிம்மா."

"முன்சக்கரத்த மட்டும் கழட்டிப் புதுசுல மாட்டலாமே சார்," என்றார் கூடவே வந்த சூப்பர்வைசர்.

"மாட்டிப் பாத்தாச்சு இந்த மாடல," என்றாள் அவள். "துளை வேற அளவு. சேராது."

எழுந்தாள். மேனேஜர் தன் கையாலேயே வண்டியைத் துடைத்தார். உட்கார்ந்து உட்கார்ந்து மெத்தையில் விழுந்திருந்த பள்ளத்தைத் தட்டித் தட்டிப் பார்த்தார், எழும்பவில்லை. லாரியில் ஏற்றி அனுப்பினார். அன்று முழுக்க அவள் நின்றுகொண்டே நாற்பது அட்டையில் எழுதினாள். பச்சைத் தம்பி தலை சாய்க்கிற நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க மேடம்," என்றான்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. காலை பத்து மணிக்கு முதலாளி அந்த வண்டியிலேயே வந்து இறங்கினார். கையெழுத்து நாள் என்று அறையிலிருந்து எடுத்து வரச் சொன்ன கறுப்புப் பை மடியில் இருந்தது. டிரைவர் தள்ளிக்கொண்டு வந்தார். பணிமனை வாசல் தாண்டி நாலு அடி; அதற்கு மேல் வண்டி போகவில்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் செங்கல் மேல் நாற்காலி.

"என்னது இது?"

"உற்பத்தி ஐயா," என்றார் மேனேஜர். "எல்லாம் பச்சை. லேசா ஒரு சின்ன சாமான்…"

"முன்சக்கரம் இல்ல முதலாளி," என்று முடித்தார் சூப்பர்வைசர். "நானூத்திப் பன்னெண்டு வண்டி."

முதலாளியின் முகம் சிவந்தது. மேனேஜருக்குச் சட்டென்று ஞானோதயம். "ஐயா, இதுக்கெல்லாம் ரிலீஸ் குடுத்தது திட்டப் பிரிவு. நான் இல்ல. அட்டையப் பாருங்க, ஒவ்வொண்ணுலயும் அந்தம்மா கையெழுத்து."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். வந்தேவிட்டது என்று அவளுக்குத் தோன்றியது. உட்கார அவளுக்கென்று ஒரு நாற்காலிகூட இல்லை.

முதலாளி கைக்கு எட்டிய நாற்காலியின் அட்டையை இழுத்தார். கையெழுத்தைப் பார்த்தார். மூலையைப் பார்த்தார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு உரக்கப் படித்தார். "கண்ணால் பார்க்கவில்லை." அடுத்த அட்டையை இழுத்தார். "கண்ணால் பார்க்கவில்லை." வண்டியைக் கொஞ்சம் தள்ளச் சொல்லி இன்னொன்றை இழுத்தார்.

"எல்லாத்துலயும் இதேதானா?"

"எல்லாத்துலயும் ஐயா," என்றாள். குரல் தெளிவாகவே வந்தது. "ஸ்டோருக்குள்ள போகக் கூடாதுன்னுட்டாங்க. பாக்காதத எப்படிப் பாத்தேன்னு எழுதறது?"

"நானூறு அட்டை. ஒருத்தன்கூடவா படிக்கல?"

ஆளுக்கோர் அட்டையை இழுத்துப் படிக்கத் தொடங்கினார்கள். கடைசியில் முதலாளி, "சக்கரம் எங்கதான்யா இருக்கு?" என்றார்.

பச்சைத் தம்பி கையிலிருந்த திரையை நீட்டினான். "இருக்கு சார். முன்சக்கரம் ஆயிரத்து இருநூறு. இருப்பில் உள்ளது."

"எங்க?"

அவன் கொள்முதல்காரரைப் பார்த்தான். கொள்முதல்காரர் கூரையைப் பார்த்தார். பிறகு பார்வை மெல்லக் கீழே இறங்கி, முதலாளியின் மடியில் இருந்த பையில் வந்து நின்றது.

"இண்டெண்டா… உங்க பையில இருக்கு முதலாளி. உங்க கையெழுத்துக்கு. மூணு வாரமா."

முதலாளி பையைத் திறந்தார். மேலேயே இருந்தது. கையில் எடுத்துப் பார்த்தார், உடைந்த காலைப் பார்த்தார், செங்கல் மேல் நின்ற வண்டிகளைப் பார்த்தார். நாற்காலி இல்லாததால் அவரால் கையெழுத்துப் போட வர முடியவில்லை. கையெழுத்து இல்லாததால் நாற்காலி வரவில்லை. இத்தனையும் நடக்கும்போது திரை பச்சையாகவே இருந்திருக்கிறது.

"நான் போடாத கையெழுத்த இருப்புன்னு காட்டியிருக்கு உன் மிஷினு," என்றார் பச்சைத் தம்பியிடம். மேனேஜர் பக்கம் திரும்பினார். "இத ஏன்யா என் வீட்டுக்குக் கொண்டு வரல?"

"நீங்கதான் ஐயா, வீட்டுக்குக் கோப்பு வரக் கூடாதுன்னு…"

முதலாளி பேனாவை எடுத்தார். இண்டெண்டை வண்டியின் கைப்பிடி மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார். அடியில் இன்னொரு தாள் இருந்தது. மேனேஜரின் கடிதம், திட்டப் பிரிவுப் பணியிடம் இனித் தேவையில்லை என்பது. ஒரு வரி விடாமல் படித்தார். முதலாளி பேனாவை மூடவில்லை. கடிதத்தின் மூலையில், 'கண்ணால் பார்த்தேன். கிடையாது' என்று எழுதி, தேதி போட்டு, அவளிடமே நீட்டினார்.

"நீ வெச்சுக்கம்மா. நாளைக்கு இவன் மாத்திப் பேசுவான்."

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. நாசமாய்ப் போகிறவர்கள் முன்னால் அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். முதலாளி அவள் நாற்காலியிலேயே திரும்பிப் போனார். மெத்தைப் பள்ளம் நல்ல வாகாக இருக்கிறது, இதுவே போதும், புதிது வேண்டாம் என்று டிரைவரிடம் சொல்லிக்கொண்டே போனார்.

மத்தியானத்துக்குள் மேனேஜர் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிட்டார். சுற்றறிக்கை வந்தது: 'நிர்வாகத்தின் புதிய முயற்சியாக, இன்று முதல் நேரடிப் பார்வைச் சரிபார்ப்பு முறை அறிமுகப்படுத்தப்படுகிறது.' கீழே அவர் கையெழுத்து. ஸ்டோர் அண்ணன் பலகையைக் கழற்றிக் குப்பைத் தொட்டிக்கு மூடியாக வைத்தார். பச்சைத் தம்பி போனைக் கீழே வைத்துவிட்டு, முதல் தடவையாகத் தன் விரலாலேயே அந்த நான்கு கட்டங்களிலும் டிக்கை எடுத்தான்.

திரை சிவந்தது. திருகாணி இல்லை. மெத்தைத் துணி இல்லை. முன்சக்கரம் இல்லை. ஒன்றுவிடாமல் நிஜம். அவள் நின்றபடியே பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு தட்டித் தேடினாள். அலுவலக நாற்காலி, திட்டப் பிரிவு: இல்லை. சிவப்பு.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியாமல் சிரித்தாள். அந்தப் பக்கத்தை அச்செடுத்தாள், பிரிண்டருக்கு இரண்டு காலாலும் நடந்து போய் எடுத்து வந்தாள். மேஜையில் குனிந்து, மூலையில் எழுதித் தேதி போட்டாள்.

கண்ணால் பார்த்தேன்.